பழைய செயின்சா ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பதும் பாகம் தேடுவதும்

1960, 70களில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வந்த செயின்சாக்களில் பெரும்பாலானவை செத்துப் போனவை அல்ல. 54 சி.சி. ஹோம்லைட் எக்ஸ்எல்-12, அதே அளவிலான மெக்கல்லக் 10-10, 106 சி.சி. ஸ்டில் 070 என்று எதை எடுத்தாலும், மூலையில் கிடந்த மெஷினைத் திறந்தால் உள்ளே இருப்பது அநேகமாக கார்புரேட்டரில் இறுகிப்போன டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு), அடைத்துக்கொண்ட சல்லடை, பூத்துப்போன பாயிண்ட் (பொறிக்கான கரண்டைத் துண்டித்து இணைக்கும் தொடுமுனை) ஆகியவைதான். இவை எல்லாமே இன்றும் கிடைக்கும். கிடைக்காதது ஒன்றுதான்: மக்னீசியத்தில் வார்த்த உடல். அந்த அச்சுகள் போய்விட்டன, இனி யாரும் வார்க்கப் போவதில்லை.

அதனால் இந்த வேலைக்கு என்னிடம் ஒரே ஒரு விதிதான் இருக்கிறது. மலிவான, திரும்பக் கிடைக்கும் பாகத்தைக் காப்பாற்றுவதற்காக வார்ப்பை உடைத்துவிடக் கூடாது. நெம்புவதற்கு முன், தட்டுவதற்கு முன், பழுது எந்த இடத்தில் என்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். கீழே அறிகுறி வாரியாகச் சொல்லியிருப்பது அதற்காகத்தான்.

எதைத் தொடும் முன்பும் பிளக் கேப்பைக் கழற்றிவிடுங்கள், செயினையும், அது சுற்றி ஓடும் நீளத் தகடான பாரையும் இறக்கிவிடுங்கள், டேங்கில் உள்ள பழைய பெட்ரோலை ஊற்றிவிடுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒரு போட்டோ. அமெரிக்க மெஷின்களில் திருகுகள் அங்குல அளவு. ஐரோப்பிய மெஷின்களில் மில்லிமீட்டர். இரண்டையும் கலந்து முறுக்கினால் மக்னீசியத்தில் மரை உடனே போய்விடும்.

கயிறு அசையவே இல்லை

பார்த்தவுடன் இன்ஜின் பிடித்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். முதலில் ஸ்டார்ட்டர் மூடியை மட்டும் கழற்றுங்கள். மூடி தனியாக வந்தபின்னும் கயிறு அசையவில்லை என்றால் பழுது ஸ்டார்ட்டரில்: சுருள் ஸ்பிரிங் உடைந்திருக்கும், இல்லை துருவில் ஒட்டியிருக்கும். அந்த ஸ்பிரிங் முறுக்கத்தோடு இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு திறக்கவும்.

கயிறு தாராளமாக வந்து, ஃபிளைவீல் கையால் சுற்றவில்லை என்றால்தான் இன்ஜின் பக்கம் போக வேண்டும். பிளக்கைக் கழற்றி, சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாசல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். ஒரு பழைய மெஷினைப் பற்றி அந்தச் சின்ன ஜன்னல் சொல்வதை வேறெதுவும் சொல்லாது. பிஸ்டன் பக்கவாட்டு சாம்பல் நிறத்தில், கடைசல் வரிகள் மெலிதாகத் தெரியும்படி இருந்தால் மெஷின் பிழைத்தது. மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்து, அலுமினியம் உருகி இழுத்த தடம் தெரிந்தால், ஆயில் இல்லாமலோ காற்று அதிகமாக எடுத்தோ சூட்டில் பிடித்திருக்கிறது.

வெறும் துருவும் காய்ந்த ஆயிலும் என்றால், டீசலும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சம அளவு கலந்து பிளக் துளை வழியாக ஊற்றி, சில நாள் ஊற விடுங்கள். தினம் ஒரு முறை ஃபிளைவீலைக் கையால் இப்படியும் அப்படியும் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஃபிளைவீல் நட்டில் ஸ்பேனர் போட்டு நெருக்க வேண்டாம். எக்ஸாஸ்ட் வாசலில் கம்பியை விட்டு பிஸ்டனைத் தட்டவே வேண்டாம்.

அலுமினியம் சிலிண்டரில் ஒட்டியிருந்தால் ஆசிட் போடச் சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்து சிலிண்டர்கள் பலவும் குரோம் பூசியவை, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் குரோமையும் தின்றுவிடும். நைசான உப்புத்தாளை விரலில் சுற்றி, குறுக்காக, ஒட்டிய அலுமினியத்தை மட்டும் தேய்த்து எடுப்பதே நல்லது. மெதுவான வேலைதான், ஆனால் சிலிண்டர் மிஞ்சும். தேய்த்த இடத்தில் குரோம் உரிந்து அடியிலுள்ள அலுமினியம் தெரிந்தால் அந்த சிலிண்டர் முடிந்தது.

இழுக்க வருகிறது, பிளக்கில் கரண்ட் இல்லை

புது பிளக் போட்டுப் பாருங்கள். பிறகு ஸ்விட்சுக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பழைய மெஷின்களில் அந்த ஒயர் உறை உதிர்ந்து உடலில் உரசிக்கொண்டிருக்கும். கரண்ட் எல்லாம் அதன் வழியே போய்விடும். காயில் (பொறிக்குக் கரண்ட் தரும் கம்பிச் சுருள்) வாங்க ஆர்டர் போட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் ஏராளம்.

அதிலும் இல்லை என்றால் பாயிண்ட். எக்ஸ்எல்-12 உட்படப் பல மெஷின்களில் அது ஃபிளைவீலுக்கு அடியில் இருக்கும். ஃபிளைவீலைக் கழற்றும் இடத்தில்தான் அதிக சேதம் நடக்கிறது. ஸ்குரூ டிரைவரை விட்டு நெம்பினால் விசிறி இதழ் உடையும், இல்லை அடியிலுள்ள வார்ப்பு விரியும். புல்லர் போடத் துளை இருந்தால் புல்லர் போடுங்கள். இல்லையென்றால் நட்டைத் தளர்த்தி ஷாஃப்ட் முனையோடு சமமாக வைத்துக்கொண்டு, ஃபிளைவீலைப் பிடித்து மெஷினைச் சற்றே தூக்கிய நிலையில் நட்டின் மேல் பித்தளைச் சுத்தியால் ஒரே ஒரு நறுக்கான தட்டு. டப்பென்று விட்டுவிடும். நட்டு கழலும்போது இன்ஜின் சுற்றாமல் இருக்க, பிஸ்டன் எக்ஸாஸ்ட் வாசலைத் தாண்டி மேலே போனபின் பிளக் துளை வழியாக வேறொரு கயிற்றுத் துண்டை உள்ளே திணியுங்கள். பிஸ்டன் கீழே இருக்கும்போது திணித்தால் கயிறு வாசலில் மாட்டி நறுக்கப்படும்.

பாயிண்ட் முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் தேய்ந்திருக்காது. சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மட்டும் இருக்கும், அது கரண்டைத் தடுக்கப் போதும். நைசான உப்புத்தாளை ஒரு முறை இழுத்து, பிறகு ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைக் காகிதத்தை பாயிண்டுக்கு நடுவில் வைத்து இழுங்கள். காகிதம் கறுப்பாக வரும். கறுப்பு வராதவரை இழுங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால் உப்புத்தாளின் தூள் அங்கேயே தங்கி மறுபடி கரண்டைத் தடுக்கும்.

இடைவெளி எக்ஸ்எல்-12க்கு 0.38 மி.மீ., அதாவது 0.015 அங்குலம். கேம் உச்சியில் பாயிண்ட் முழுக்கத் திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் தகட்டை விட்டு அளக்க வேண்டும். மற்ற மெஷின்களுக்கு அதனதன் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவு. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங் முன்னால் போகும், கயிறு கையை உதைக்கும். ஃபிளைவீலைத் திரும்ப மாட்டும்போது, அதை ஷாஃப்டில் சரியான இடத்தில் நிறுத்தும் அரைவட்டச் சாவியையும் பாருங்கள். அது பாதி வெட்டுப்பட்டிருந்தால் கரண்ட் அருமையாக வரும், ஆனால் தப்பான நேரத்தில் வரும்.

பாயிண்ட் சுத்தமாகியும் பொறி பலவீனமாக, மஞ்சளாக வந்தால் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். மைக்ரோஃபாரட் அளவு ஒத்து வந்து, இடத்தில் அடங்கினால் எந்த மெஷினின் கண்டென்சரும் வேலை செய்யும். பாயிண்டுக்கும் கண்டென்சருக்கும் பதிலாகப் போடும் எலக்ட்ரானிக் சிப்புகள் விலை குறைவாகக் கிடைக்கின்றன. ஓட்டுவதற்கு வாங்கிய மெஷின் என்றால் தாராளமாகப் போடலாம், காயில் நன்றாக இருந்தால் மட்டும். காயில் வெடித்திருந்தால் சிப்பால் பலனில்லை. மறுசீரமைப்புக்காக என்றால் பாயிண்டையே வைத்திருங்கள் என்பது என் கருத்து. அந்த மெஷினின் உயிர் அதில் இருக்கிறது, சரியாக வைத்தால் பல ஆண்டுகள் வரும்.

கரண்ட் இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது ஒரு நொடி ஓடி நிற்கிறது

கார்புரேட்டர் வாயில் ஆயில் கலந்த பெட்ரோல் சில சொட்டு விட்டு இழுங்கள். பிடித்து உடனே நின்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது, எரிபொருள்தான் வந்து சேரவில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

டேங்கிலிருந்து தொடங்குங்கள். டேங்க் உள்ளே இருக்கும் ஃபில்டர், பிறகு டியூப். பழைய டியூப் ஒன்று கல்லாக இறுகியிருக்கும், இல்லை தார் போல் இளகியிருக்கும். வெளியே நன்றாகத் தெரியும் டியூப் டேங்க் துளைக்குள் நுழையும் இடத்தில் வெடித்திருக்கும். அதை வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். புது டியூப் வாங்கும்போது உள்விட்டம் மட்டும் பார்க்கக் கூடாது. பல மெஷின்களில் டியூப்பே துளையை அடைத்து சீல் செய்கிறது, அதனால் வெளிவிட்டம் துளையைவிடச் சற்றே பெரிதாக இருக்க வேண்டும். முனையைச் சாய்வாக வெட்டி, ஆயில் தடவி, உள்ளிருந்து இழுத்தால் வந்துவிடும்.

அடுத்து கார்புரேட்டர். எக்ஸ்எல்-12ல் டில்லட்சன் எச்.எஸ். வகை, ஸ்டில் 070ல் டில்லட்சன் எச்.எல். வகை. டில்லட்சன் இன்றும் இயங்கும் நிறுவனம்; ரிப்பேர் கிட் புதிதாகவே கிடைக்கிறது. கிட் வாங்கும்போது செயின்சா மாடலைச் சொல்லாதீர்கள், கார்புரேட்டர் உடலில் பொறித்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் யாரோ கார்புரேட்டரையே மாற்றியிருக்கக் கூடும், அது அடிக்கடி நடப்பதுதான்.

திறந்ததும் டயாஃப்ரத்தை விரலால் அழுத்துங்கள். நல்லது துணி போல் சத்தமில்லாமல் தளரும். கெட்டது அப்பளம் போல நொறுநொறுக்கும். நெகிழாத டயாஃப்ரம், பெட்ரோல் வழியை மூடியிருக்கும் ஊசியைத் திறக்காது, பெட்ரோல் வராது. அவ்வளவுதான் காரணம், இந்த மெஷின்களில் பாதிக்கு மேல் இதற்காகவே ஓரம் கட்டப்பட்டவை. அமெரிக்காவில் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பருக்கு அது ஆகாது, டேங்கில் கிடந்தால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

பம்ப் பக்கம் உள்ளே ஒரு குட்டிச் சல்லடை இருக்கும். பித்தளை நிறத்தில், பொத்தான் அளவுகூட இருக்காது. பழுப்புப் பிசின் படிந்து உலோகத் தகடு மாதிரியே தெரிவதால் அதைச் சல்லடை என்றே அறியாமல் விட்டுவிடுவார்கள். ஊசி முனையால் விளிம்பைக் கிளப்பி எடுத்து மாற்றுங்கள். துளைகளில் கம்பி விட்டுக் குத்தக் கூடாது, ஸ்ப்ரே அடித்து காற்றால் ஊதினால் போதும். உள்ளே இருக்கும் நெம்புகோல், எச்.எஸ். வகையில், அறையின் தளத்தோடு சமமாக நிற்க வேண்டும். இரும்பு ஸ்கேலின் விளிம்பை மேலே வைத்தால் தட்டவும் கூடாது, இடைவெளியும் தெரியக் கூடாது. உயர்ந்திருந்தால் பெட்ரோல் மூழ்கடிக்கும், தாழ்ந்திருந்தால் பட்டினி. மூடும்போது நெம்புகோல் இருக்கும் பக்கம் முதலில் பேக்கிங், அதன் மேல் டயாஃப்ரம். மாற்றிப் போட்டால் எவ்வளவு திருகியும் சரிவராது.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்க மறுக்கிறது

இந்த அறிகுறி வந்தால் மெஷினை உடனே நிறுத்துங்கள். எங்கோ காற்று எடுக்கிறது. காற்று கூடினால் கலவை மெலிந்துவிடும். பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும், பிஸ்டன் சூட்டில் கீறும். கார்புரேட்டர் திருகைத் திருகி இதை மறைக்கலாம், சிறிது நேரம் ஓடவும் ஓடும், ஆனால் சிலிண்டர் போய்விடும்.

சைலன்சர் வாசலையும் கார்புரேட்டர் வாசலையும் டயர் டியூப் ரப்பரால் அடைத்து, உள்ளே 7 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி நிறுத்துங்கள். முள் இறங்கினால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், குமிழி எங்கே என்று காட்டும். பிறகு அதே இடங்களை அடைத்தபடி காற்றை உறிஞ்சியும் சோதியுங்கள். சில கிராங்க் சீல்கள் (ஷாஃப்ட் வெளியே வரும் இடத்து ரப்பர் வளையங்கள்) உள்ளிருந்து அழுத்தும்போது உதடு இறுகி நன்றாகப் பிடிக்கும், உறிஞ்சும்போது மட்டும் கசியும். முதல் சோதனையோடு நிறுத்தினால் அது தப்பிவிடும்.

சீல் கிடைக்கவில்லை என்று மெஷினை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை. சீலுக்கு மூன்று அளவுதான்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன். வெர்னியரால் அளந்து பேரிங் கடையில் கேளுங்கள். பேரிங்கும் அப்படித்தான், அதன் விளிம்பில் எண் பொறித்திருக்கும். செயின்சா பாகம் என்று தேடினால் கிடைக்காதது, அளவு சொல்லிக் கேட்டால் பொதுச் சரக்காகக் கிடைத்துவிடும்.

ஐடிலிங்கில் செயின் மட்டும் சுற்றுகிறது என்றால் அது வேறு: ஐடிலிங் அதிகம், இல்லை கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. கிளட்ச் பெரும்பாலான மெஷின்களில் இடது மரை, கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும்.

ஓடுகிறது, மரத்தில் வைத்தால் இழுவை இல்லை

ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தரைக்கு மேல் தொங்கவிடுங்கள். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் ஒரு கணம் நின்று இறங்கும். சரசரவென்று இறங்கினால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. கேஜ் இருந்தால் 130 முதல் 150 பி.எஸ்.ஐ. நிம்மதியான அளவு, 100க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆகவே அடம்பிடிக்கும். ரிங்கையும் அளவு சொல்லியே வாங்கலாம், விட்டமும் தடிமனும் போதும். ரிங் முனை உட்காரும் முளை எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கம்ப்ரஷன் சரி என்றால் எக்ஸாஸ்ட் வாசலில் கரி, டேங்க் காற்றுத்துளை அடைப்பு, பிறகு எச் திருகு (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் கார்புரேட்டர் திருகு). எச் திருகு, ஐடிலிங்குக்கான எல் திருகு இரண்டையும் மெல்ல மூடி, ஒரு சுற்று திறந்து தொடங்குங்கள். மெஷினைச் சூடாக்கி, முழு ஆக்சிலேட்டரில் காதால் கேளுங்கள். மரத்தில் வைக்காதபோது சத்தம் சற்று கரகரத்து, தடுமாறுவது போல் இருக்க வேண்டும். மரத்தில் வைத்து அழுத்தியதும் அந்தக் கரகரப்பு நீங்கி ஒரே சுருதிக்கு வர வேண்டும். சும்மா இருக்கும்போதே சத்தம் தெளிவாக, கிரீச்சென்று ஏறினால் கலவை மெலிந்திருக்கிறது, உடனே எச்சைத் திறங்கள்.

ஆயில் அளவும் இங்கேதான் வரும். பழைய ஸ்டிக்கர்களில் 16:1, 20:1 என்று இருக்கும்; அது அந்தக் காலத்துச் சாதாரண இன்ஜின் ஆயிலுக்கான கணக்கு. இன்றைய நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயிலில் நான் 32:1 போடுகிறேன்: 5 லிட்டருக்கு சுமார் 155 மில்லி. ஆயில் அளவை மாற்றினால் கார்புரேட்டரை மறுபடி செட் செய்ய வேண்டும்.

பாருக்கு ஆயில் வரவில்லை

அநேகமாக பழைய ஆயில் கோந்தாகி வழியை அடைத்திருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு இரவு விட்டு, கட்டைவிரல் பம்பை அழுத்திப் பாருங்கள். பாரில் உள்ள துளையையும் சுத்தம் செய்யுங்கள். பம்ப் ஓ-ரிங் எந்த ஹைட்ராலிக் கடையிலும் கிடைக்கும்.

பாகம் தேடும் வழி

மெக்கல்லக் 1999ல் திவாலானது. ஹோம்லைட்டை 1994ல் ஜான் டியர் வாங்கியது, பிறகு அது கை மாறியது. இந்த இரண்டு கம்பெனிகளின் பாகங்கள் ஒரே கிடங்கில் இல்லை. பழைய டீலர் கடைகளின் பின்னறைகளிலும், கடையை மூடியபோது மொத்தமாக வாங்கியவர்களிடமும் சிதறிக் கிடக்கின்றன.

அதனால் மாடல் பெயரை வைத்துத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும். முதலில் அந்த மாடலின் படத்துடன் கூடிய பாகப் பட்டியலை எடுங்கள். ஸ்கேன் செய்த பிரதிகள் இணையத்தில் உண்டு. அதில் பாகத்தின் எண்ணைப் பார்த்து, எண்ணை வைத்துத் தேடுங்கள். விற்பவருக்குப் பல நேரம் அது எந்த மெஷினுக்கு என்றே தெரியாது, டப்பாவின் மேல் உள்ள எண்ணை மட்டும் போட்டிருப்பார்.

பிறகு குடும்பம். எக்ஸ்எல்-12க்கும் சூப்பர் எக்ஸ்எல்லுக்கும் பல பாகங்கள் பொது. மெக்கல்லக்கின் 10 வரிசை முழுக்க அப்படித்தான். ஸ்டில் 070க்கும் 137 சி.சி. 090க்கும் அடிப்படை உடல் ஒன்றே. 070க்கு இன்னொரு வசதி, சீனாவில் செய்யும் நகல் பாகங்கள் ஆசியா முழுவதும் தாராளமாகக் கிடைக்கின்றன. மூடி, கைப்பிடி போன்றவற்றுக்கு அவை பரவாயில்லை. பிஸ்டனும் சிலிண்டரும் நகலில் வாங்குவதானால் வாசல் விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மையாக இருந்தால் ரிங்கைப் பிடித்து உடைக்கும், மழுக்கிவிட்டுத்தான் மாட்ட வேண்டும்.

பழைய பாக்கெட்டில் பிரிக்காமல் இருக்கும் அசல் பாகங்களைக் கண்டால் ஆசை வரும். பாயிண்ட், ரிங், ஸ்பிராக்கெட், ஸ்பிரிங் என்றால் யோசிக்காமல் வாங்கலாம். டயாஃப்ரம், டியூப், சீல் என்றால் வேண்டாம். பாக்கெட்டுக்குள்ளேயே ரப்பருக்கு வயதாகிவிடும். 1975ன் பிரிக்காத டயாஃப்ரம் உங்கள் மெஷினில் உள்ளது போலவே நொறுங்கும்.

செயினும் பாரும் வேறு கதை. பழைய மெஷின் சிலவற்றில் 7/16, 1/2 அங்குல பிட்ச் (கண்ணி இடைவெளி) செயின் இருக்கும், அது தேடிக் கிடைப்பது கடினம். கிளட்ச் ஸ்பிராக்கெட்டை மாற்றி 3/8க்கோ, பெரிய மெஷின் என்றால் .404க்கோ கொண்டுவந்துவிட்டால் அந்தத் தலைவலி தீர்ந்தது. செயின், பார் முனைச் சக்கரம், ஸ்பிராக்கெட் மூன்றும் ஒரே பிட்ச்சாக இருக்க வேண்டும். பல பழைய மெஷின்களில் செயின் பிரேக்கே கிடையாது; பார் நுனி மரத்தில் பட்டால் தூக்கி முகத்தில் அடிக்கும், தடுக்க எதுவும் இல்லை. கால் கவசம், ஹெல்மெட், இரண்டு கையும் பிடியில். இவை இல்லாமல் ஓட்டிப் பார்க்கக்கூட வேண்டாம்.

கடைசியாக, பாகத்துக்காக இன்னொரு ஓடாத மெஷின் வாங்குவது. கராஜ் விற்பனையிலும் ஏலத்திலும் தனிப்பாகத்தின் விலைக்கே முழு மெஷின் கிடைப்பதுண்டு. வாங்கும் முன் கயிற்றை இழுத்துப் பாருங்கள், சைலன்சர் வாசலில் டார்ச் அடியுங்கள். அதைவிட முக்கியம் வார்ப்பு: கைப்பிடி மாட்டும் காதுகள், பார் போல்ட் நிற்கும் இடம், டேங்க் அடிப்பக்கம். மரை மட்டும் போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்யலாம். ஆயில் ஊறிய மக்னீசியத்தை வெல்டிங் செய்வது எளிதல்ல, கிரைண்டர் வைத்தால் அதன் தூள் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் எரியும். அதனால் வெள்ளைப் பொடி பூத்து அரித்த உடலையும், காது முறிந்த கிராங்க் கேஸையும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். உடல் முழுசாக இருந்து உள்ளே எல்லாம் போயிருந்தால் அதை வாங்குங்கள்.